வாசல் வாக்குக்குச் சாட்சி நின்றவருக்கு

செங்கோல் சுமந்த செம்மலே! சினம் அறியாச் சீலரே! ஆளும் வரிசைக்கும் எதிர் வரிசைக்கும் ஒரே அளவு குனிந்து, ஒரே அளவு நிமிர்ந்து, இடப்பக்கமும் சாயாமல் வலப்பக்கமும் சரியாமல் எங்கள் மாநிலச் சட்டமன்றத்தின் வாசலைக் காத்து நின்ற அவைக்காவலர், துவான் ஹாஜி மஸ்லான் பின் உஜாங் அவர்களே!

சட்டமன்றச் செயலகத்தின் பணியாளர்களாகிய நாங்கள், தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நன்னாளில், நன்றி நிறைந்த நெஞ்சோடும் நா தழுதழுக்கும் நிலையோடும் தங்கள் திருமுன் இம்மடலைப் படைக்கிறோம்.

இத்தனை முறை 'தங்கள்' என்று வாசித்தாலே நீங்கள் நாற்காலியில் நெளிவீர்கள் என்று தெரியும். ஆகவே இனி 'நீங்கள்' என்றே சொல்கிறேன், ஊரே அழைப்பதுபோல் பாக் லான் என்றும் அழைக்கிறேன். எழுதி வாசிப்பவள் மன்றக் குறிப்புப் பிரிவின் மங்களேஸ்வரி. கையொப்பம் எல்லாருடையது, வாய் மட்டும் என்னுடையது. கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் பேசுவதையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதி எழுதி, அவர்களுடைய நோய் எனக்கும் தொற்றிக்கொண்டது.

அவைக்காவலர் என்றால் செங்கோலைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் என்றுதான் வெளியார் நினைக்கிறார்கள். நடப்பது என்ன எளிதா? அந்தச் செங்கோல் மேசைமேல் இல்லையென்றால் மன்றம் மன்றமே இல்லை, மாநில முதல்வரான மந்திரி பெசாரே எழுந்து பேசினாலும் அது டீக்கடைப் பேச்சுதான். அதைத் தோளில் சாய்த்து, ஆட்சி நிலைத்த காலையிலும் ஆட்சி ஆட்டம் கண்ட மாலையிலும், ஒரே நடையாய் நடந்தவர் நீங்கள். கட்சி தாவியவர்கள் எதிர் வரிசைக்கு இடம் மாறிய நாளில் நாங்கள் எல்லாரும் அவர்கள் முகத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் அவர்களுடைய பெயர்ப் பலகையை எடுத்துப்போய்ப் புதிய இடத்தில் வைத்துவிட்டு, "தண்ணி கொண்டு வரட்டுமா ஒய்.பி.?" என்று அதே 'மாண்புமிகு' மரியாதையோடு கேட்டீர்கள்.

கூச்சல் போட்ட உறுப்பினரை வெளியேற்றும்படி சபாநாயகர் ஆணையிட்டால், மற்ற மாநிலங்களில் தள்ளுமுள்ளு நடக்கும், சட்டை கிழியும், மறுநாள் பத்திரிகையில் படம் வரும். நம் மன்றத்தில் நீங்கள் மெல்ல நடந்துபோய் அவர் காதருகே குனிவீர்கள். என்ன சொல்கிறீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் பல ஆண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பக்கத்து மேசையில் இருந்த எனக்குக் கேட்கும்.

"கேன்டீன்ல கறிபாப் இப்பதான் பொரிச்சாங்க, ஒய்.பி. ஆறிடும், வாங்க."

சிங்கம் போலக் கர்ச்சித்தவர் பூனை போல உங்கள் பின்னால் வந்துவிடுவார். எந்த அரசியல் சட்டத்திலும் இல்லாத இந்த அதிகாரம் உங்களிடம் மட்டுமே இருந்தது.

வாசலோரம் இருந்த உங்கள் மேசையின் இழுப்பறையைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கு மரியாதை இல்லை. தலையில் சொங்கோக் தொப்பி இல்லாமல் மலாய் உறுப்பினரும், கழுத்துப்பட்டை இல்லாமல் மற்றவரும் மன்றத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பது விதி. மறதிக்கோ விதி கிடையாது. ஆகவே பெரிய தலை, சின்னத் தலை, கனம் ஏறிய தலை என எல்லா அளவிலும் சொங்கோக்குகளை உங்கள் சொந்தச் செலவில் வாங்கி அந்த இழுப்பறையில் வைத்திருந்தீர்கள். வெறுந்தலையோடு ஓடிவரும் எவரையும் பார்த்த நொடியில் இழுப்பறை திறக்கும். கேட்கக்கூட வேண்டியதில்லை.

அந்த இழுப்பறை ஒரே ஒரு நாள் திறக்கவில்லை. அந்த நாளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் புரிவதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் மன்றத்தில் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து உறுப்பினருக்கு வீட்டில் சாவு, நோவு என்று வந்து அவர் வாக்கெடுப்புக்கு வர முடியாமல் போனால், எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் அந்த நேரத்துக்கு வெளியே உட்கார்ந்துவிடுவார். ஒன்றுக்கு ஒன்று கழிந்துவிடும். எழுத்து இல்லை, கட்சித் தலைமைக்குத் தெரியாது. இருவரும் மன்ற வாசலில் அவைக்காவலர் முன்னால் கைகொடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். வாசல் வாக்கு என்று அதற்குப் பெயர். உள்ளே ஒருவரை ஒருவர் கிழி கிழி என்று கிழிப்பவர்கள் வாசலில் மனிதர்களாக இருந்தார்கள் என்பதற்கு நீங்கள்தான் சாட்சி.

அந்த ஆண்டு அரசாங்கம் ஒரே ஒரு உறுப்பினர் கூடுதலில் நின்றுகொண்டிருந்தது. வரவு செலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. சம வாக்கு விழுந்தால் மசோதா தோற்றதாகவே கொள்வது நம் விதி. மசோதா தோற்றால் ஆட்சி போச்சு. அன்று காலையில் ஆளும் பக்கத்து இளைஞர் ஒய்.பி. தியோ கா மெங் வெளுத்த முகத்தோடு வாசலில் நின்றார். கடலோர ஊர் மருத்துவமனையில் அவருடைய தந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. போனால் ஆட்சி கவிழும், போகாவிட்டால் அப்பா முகத்தைப் பார்க்க முடியாது. இரண்டு கையாலும் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, போகவும் முடியாமல் நுழையவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் எதிர் வரிசையின் மூத்தவர், பெரியவர் என்ற மரியாதையில் எல்லாரும் 'தோக்' என்று அழைக்கும் நம் தோக் பஹாரோம், வெற்றிலை போட்ட வாயோடு வந்தார். மன்றத்தில் தியோவை அதிகம் திட்டியவர் அவர்தான். முந்தின நாள்கூட "பால்குடி மறக்காத பயல்" என்று சொல்ல, சபாநாயகர் அதைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார்.

"என்னடா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார். தியோ விஷயத்தைச் சொன்னார்.

"கெளம்பு. நான் கேன்டீன்ல உக்காந்துக்கறேன்," என்றார் தோக்.

"தோக், உங்க கட்சியில..."

"வயித்தால போகுதுன்னு சொல்லிக்கறேன். என் வயித்துக்குள்ள வந்து எட்டிப் பாக்கவா போறானுங்க?" என்றவர், தியோவின் தோளில் கை வைத்தார். "என் சம்சாரம் போன அன்னிக்கு நான் இங்க உள்ளதான் உக்காந்திருந்தேன். ஏதோ மசோதா. என்ன மசோதான்னுகூட இன்னிக்கு ஞாபகம் இல்ல. நீ கெளம்பு."

குறிப்பேட்டோடு உள்ளே போகக் காத்திருந்த என் கண்ணெதிரே, உங்கள் முன்னால் இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள். தியோவின் கார் வாசலைத் தாண்டியது.

பிற்பகலில் வாக்கெடுப்பு மணி அடித்தது. மணி நின்றதும் கதவைப் பூட்டிவிட வேண்டும். அதன் பிறகு வருபவர் மந்திரி பெசாராக இருந்தாலும் வெளியேதான். சாவியோடு நீங்கள் கதவருகே நின்றிருந்தீர்கள். அந்த நேரத்தில் தாழ்வாரத்தில் யாரோ தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. பார்த்தால் தோக் பஹாரோம்!

ஏமாற்ற வந்தவர் இல்லை, பாவம். கேன்டீனில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மேசையிலேயே கண்ணசந்திருக்கிறார். மணிச் சத்தம் காதில் விழுந்ததும் கால் தானாக எழுந்துவிட்டது. எத்தனையோ ஆண்டு அந்த மணிக்கு ஓடிப் பழகிய கால்கள்! காலையில் கொடுத்த வாக்கு மூளைக்கு எட்டுவதற்குள் கால் வாசலுக்கு எட்டிவிட்டது. இது மன்றத்து ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய கோளாறு. உள்ளே வந்துவிட்டால் அவர் வாக்களித்தே ஆக வேண்டும். எல்லார் கண்ணெதிரிலும் சும்மா உட்கார்ந்தால் கட்சி அவரைத் தூக்கி எறிந்துவிடும். வாக்களித்தாலோ, தந்தையின் படுக்கையருகே இருக்கும் தியோவின் முதுகில் குத்தியதாகிவிடும்.

அவர் தலையில் சொங்கோக் இல்லை.

எதிர்க்கட்சிக் கொறடா உள்ளிருந்து "வாங்க, வாங்க" என்று கையசைத்தார். குறிப்பு மேசையில் இருந்த என் பேனா நின்றுவிட்டது. உங்கள் மேசை ஓர் அடி தூரத்தில் இருந்தது. நீங்கள் இழுப்பறையைத் தொடவில்லை. அமைதியாக ஒன்றைச் சொன்னீர்கள்.

"தோக், உங்க சொங்கோக் கேன்டீன்ல இருக்கு."

அவர் தலையைத் தடவிப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். அந்த முகத்தில் எல்லாம் ஞாபகம் வந்ததை அத்தனை தூரத்திலிருந்தும் நான் கண்டேன். "அட, ஆமா," என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். மணி நின்றது. நீங்கள் கதவைப் பூட்டினீர்கள். சாவி துளையில் நுழையாமல் இரண்டு முறை தடுமாறியது.

மசோதா ஒரே வாக்கில் தேறியது. அங்கே மருத்துவமனையில் தியோவின் தந்தை கண் விழித்து, "இன்னிக்கு மன்றம் இல்லியா?" என்று கேட்டாராம். "லீவுப்பா," என்றாராம் மகன். பொழுது சாயும்போது மகன் கையைப் பிடித்தபடியே பெரியவர் போய்ச் சேர்ந்தார்.

இதுவரை நடந்தது நம் செயலகத்துக்குள் மட்டும் காதோடு காதாகப் பேசிக்கொண்ட கதை. அடுத்த தேர்தலில் ஆட்சி மாறியது. எதிர் வரிசை ஆளும் வரிசை ஆனது, தோக் பஹாரோம் ஆட்சிக்குழு உறுப்பினர் ஆனார், தியோ தொகுதியை இழந்தார். பழைய கொறடாவுக்கோ அந்த வாசல் மறக்கவில்லை. உரிமைக் குழு உங்களைக் கூப்பிட்டது. குறிப்பு எடுக்க நானும் போனேன்.

"இழுப்பறையில சொங்கோக் இருந்ததா, இல்லையா?"

"இருந்தது துவான்."

"எல்லாருக்கும் குடுப்பீங்களே, இவருக்கு ஏன் குடுக்கல?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அவர் கேக்கல."

"முன்கூட்டியே ஏதாவது பேச்சு நடந்ததா?"

உண்மையைச் சொன்னால் தோக் பஹாரோமின் அரசியல் அன்றோடு முடியும். இல்லை என்று பொய் சொல்லவும் உங்களுக்கு வராது.

"வாசல்ல கேட்டத நான் வாசல்லயே விட்டுடுவேன் துவான். அதுக்காக என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க."

பண்ணினார்கள். ஒருதலைப்பட்சம் என்று எழுதி, ஆற்றங்கரையில் இருக்கும் அரசாங்கப் பந்தல் கிடங்குக்கு உங்களை மாற்றினார்கள். செங்கோல் சுமந்த தோள் பிளாஸ்டிக் நாற்காலி சுமந்தது. விழாவுக்குக் கூடாரம் கேட்டு வருபவர்களிடம், சபாநாயகரை வரவேற்கும் அதே பணிவோடு, "எத்தன மேசை வேணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். தானே வந்து சாட்சி சொல்வதாகத் தியோ ஓடிவந்தபோது, "நீங்க வாயத் தொறந்தா தோக் மாட்டிக்குவாரு," என்று சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் துணைவியார் புவான் சல்மியா அவர்களிடம்கூட நீங்கள் காரணத்தைச் சொல்லவில்லை. "மன்றத்துல தூக்கம் வருது, அதான் கேட்டு மாத்திக்கிட்டேன்," என்றீர்களாம். புவான் நம்பியதுபோல் நடித்தார். அந்த நடிப்புக்கும் இந்தச் செயலகம் தலைவணங்குகிறது.

உங்கள் இடத்துக்கு வந்த தம்பி நல்லவன்தான், ஆனால் செங்கோலைத் தூக்கிக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடுவதுபோல் ஓடினான். எங்களுக்கு வாசலைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. நாங்கள் உங்களை எவ்வளவு நேசிக்கிறோம் என்பது உங்கள் இடம் காலியாக இருந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

பிறகு ஒரு நாள் தோக் பஹாரோம் உடல்நலக் காரணமாக ஆட்சிக்குழுவிலிருந்து விலகினார் என்று செய்தி வந்தது. அடுத்த மாதமே நீங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தீர்கள். யாரோ மேலிடத்தில் மனம் மாறியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டீர்கள், யார் என்று விசாரிக்கவில்லை. அதற்குப் பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்ததும், நோயாளிக்குத் தெம்பு தரும் என்று புவான் சல்மியா காய்ச்சிக் கொடுத்த விரால் மீன் சாற்றைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு தோக் வீட்டுக்குப் போனீர்கள். அவர் எது எதையோ பேசினார். கிடங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

போன நோன்பு மாதத்தில் அவர் காலமானார். மண் போட்டுவிட்டு எல்லாரும் கலைந்த பின் நீங்கள் குழியருகே நின்றுகொண்டிருந்தீர்கள். நான் பின்னால் நிற்பது உங்களுக்குத் தெரியாது. "அன்னிக்கு எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் தோக்," என்று மெல்லச் சொன்னீர்கள். கோபம் இல்லை அந்தக் குரலில். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதேன். ஏனென்றால் நானும் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், பாக் லான். இன்றோடு அது முடிகிறது.

தோக் விலகிய அன்று மந்திரி பெசாரின் அறையில் குறிப்பு எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"உங்களுக்கு உடம்புக்கு என்ன தோக்? நேத்துகூட ரெண்டு தட்டு நாசி கந்தார் சாப்பிட்டீங்களே," என்றார் மந்திரி பெசார்.

"வெளிய அப்படிச் சொல்லிக்குங்க. உள்ள உண்மையச் சொல்றேன். அன்னிக்கு வாசல்ல அந்தப் பயலுக்கு வாக்கு குடுத்தவன் நான். மணி அடிச்சதும் மறந்துட்டு மாடு மாதிரி ஓடி வந்தவனும் நான். லான்தான் என் மானத்தக் காப்பாத்தினான். அவன் நாற்காலி தூக்குறான், நான் நாற்காலில உக்காந்திருக்கேன். ராத்திரி தூக்கம் வரல."

"இது வெளிய தெரிஞ்சா கட்சிக்கே அசிங்கம், தோக்."

"அப்ப தெரியாம பண்ணுங்க. என் பதவிய எடுத்துக்குங்க. அடுத்த தேர்தல்ல சீட்டும் வேணாம். அவன வாசலுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. இல்லன்னா நாளைக்கு மன்றத்துல நானே எழுந்து நின்னு சொல்லிடுவேன்."

மந்திரி பெசார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு என்னிடம், "எழுதாதீங்க, மங்களேஸ்," என்றார். நான் எழுதவில்லை.

படியில் இறங்கும்போது தோக் என் கையைப் பிடித்தார். "லான்கிட்ட சொல்லிடாதம்மா. தெரிஞ்சா நாளைக்கே கெடங்குக்குத் திரும்பிப் போயிடுவான், அழுத்தக்காரன். அவன் ரிட்டயர் ஆகட்டும். அன்னிக்குச் சொல்லு."

எல்லாம் வல்ல இறைவன் அருளால் நீங்களும் புவான் சல்மியாவும் பேரப்பிள்ளைகள் சூழ, நோய் நொடி அண்டாமல், நூறாண்டு நிறைவாக வாழ வேண்டும் என்று ஆளும் வரிசை, எதிர் வரிசை என்ற பேதமின்றி இச்செயலகம் முழுவதும் வேண்டுகிறது. நாளைக் காலை எழுந்ததும் எந்தக் கதவையும் திறக்கவோ பூட்டவோ வேண்டியதில்லை என்ற எண்ணம் உங்களுக்கு இனிக்கட்டும். எங்களுக்கு அது இனிக்காது.

வெள்ளிக்கிழமை அவர் அடக்கமான கபருக்குப் போவீர்கள் என்று தெரியும். போகும்போது இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு போங்கள். பதவி விலகியபோது தோக் பஹாரோமுக்கு நோய் எதுவும் இருந்ததில்லை. விரால் சாறென்றால் அவருக்குக் குமட்டும், அதை என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆனாலும் நீங்கள் கொண்டுபோன ஒவ்வொரு வெள்ளியும் பாத்திரம் காலியாகும் வரை குடித்தார். உங்களுக்காக அவர் பேசினார், பாக் லான். தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்துப் பேசினார்.

என்றும் தங்கள் அன்பில் நனைந்து நிற்கும்,
மாநிலச் சட்டமன்றச் செயலகப் பணியாளர்கள்